யோனா, யூனுஸ், ஜோனாஸ்: ஒரு தீர்க்கதரிசியின் பெயரை மொழி மொழியாகத் தேடிப்போக ஒரு முழுமையான வழிகாட்டி

1955இல் போலியோ தடுப்பூசி தந்த ஜோனாஸ் சால்க், 2006இல் அமைதிக்கான நோபல் பரிசு பெற்ற முகம்மது யூனுஸ், யார்க்கர் போட்டே ஸ்டம்புகளைப் பெயர்த்த வக்கார் யூனிஸ், நியூசிலாந்தின் ரக்பி வீரர் ஜோனா லோமு. நான்கு பேருக்கும் ஒரே பெயர்தான். அந்தப் பெயருக்குரிய தீர்க்கதரிசி தமிழ் வேதாகமத்தில் யோனா.

மொழிபெயர்ப்பவர்கள், சப்டைட்டில் எழுதுபவர்கள், அகராதி வேலை பார்ப்பவர்கள், குழந்தைக்குப் பெயர் தேடுபவர்கள் என்று பலருக்கும் இந்த மாதிரிப் பெயர்களோடு ஒருநாள் மல்லுக்கட்ட வேண்டி வரும். ஆங்கிலக் கதையில் ஒரு மாலுமி இன்னொருவனை ‘ஜோனா’ என்று திட்டுகிறான். அதை எப்படித் தமிழில் சொல்வது? பிரெஞ்சுக் கட்டுரையில் ‘ஜோனாஸ் சிக்கல்’ என்று வருகிறது. அமெரிக்க உளவியல் நூலில் வருவதும் அதுதானா? லித்துவேனியாவில் இருந்து வரும் ‘யோனாஸ்’ இந்தத் தீர்க்கதரிசியா, வேறு ஆளா?

இதற்கெல்லாம் விடை காண இரண்டு கேள்விகளைத் தனித்தனியாகக் கேட்க வேண்டும். பெயர் எந்த வழியாக அந்த மொழிக்குள் வந்தது? கதையின் எந்தத் துண்டு அந்த மொழிக்காரர்களின் மனதில் ஒட்டிக்கொண்டது? முதல் கேள்விக்கான விடையை வைத்து இரண்டாவதை ஊகித்தால் தவறாகத்தான் போகும். ஒரே வழியாகப் பெயரை வாங்கிய இரண்டு மொழிகள் கதையில் இருந்து வெவ்வேறு துண்டுகளைப் பிய்த்துக்கொண்டு போயிருக்கின்றன. கீழே உள்ள படிகள் யோனாவை வைத்து எழுதப்பட்டவை. முறை மற்ற தீர்க்கதரிசிகளுக்கும் பொருந்தும்.

படி 1: முதலில் கதையைப் படியுங்கள், அகராதியை அல்ல

யோனா புத்தகம் மொத்தம் 4 அதிகாரம், 48 வசனம். ஒரு தேநீர் ஆறுவதற்குள் முடித்துவிடலாம். படிக்கும்போதே அதிகாரவாரியாகக் குறிப்பு எடுத்து வையுங்கள். பின்னால் இதுதான் கைகொடுக்கும்.

1ஆம் அதிகாரம்: அசீரியரின் பெருநகரமான நினிவேக்குப் போ என்கிறார் கடவுள். யோனா நேர் எதிர்த்திசையில், யோப்பா துறைமுகத்தில் தர்ஷீசுக்குப் போகும் கப்பல் ஏறி ஓடுகிறார். புயல் அடிக்கிறது. யாரால் இந்த ஆபத்து என்று மாலுமிகள் சீட்டுப் போட, சீட்டு யோனா பேருக்கு விழுகிறது. என்னைத் தூக்கிக் கடலில் போடுங்கள் என்று அவரே சொல்கிறார். போட்டதும் கடல் அடங்குகிறது. 2ஆம் அதிகாரம்: மீன் வயிற்றில் மூன்று நாள், அங்கிருந்து ஒரு ஜெபம். 3: நினிவே மனம் திரும்புகிறது, ராஜா முதல் ஆடுமாடு வரை உபவாசம். 4: நகரம் தப்பித்ததில் யோனாவுக்குக் கோபம். நிழலுக்கு ஒரு செடி முளைக்கிறது, மறுநாள் புழு அரித்துப் பட்டுப்போகிறது, செத்தால் தேவலை என்கிறார் யோனா. ஒரு செடிக்காக இவ்வளவு வருந்துகிறாயே, 1,20,000 பேருக்கும் மேல் வாழும் நகரத்துக்காக நான் இரங்கக் கூடாதா என்று கடவுள் கேட்பதோடு புத்தகம் முடிந்துவிடுகிறது. யோனா என்ன பதில் சொன்னார் என்றே இல்லை. இதுபோல் கேள்வியில் போய் நிற்கும் முடிவு பழைய நூல்களில் அபூர்வம்.

இந்தப் புத்தகத்துக்கு வெளியே, எபிரேய வேதாகமத்தில் அவர் பெயர் வரும் முக்கிய இடம் 2 இராஜாக்கள் 14:25. காத்தேப்பேரூரைச் சேர்ந்த அமித்தாயின் மகன் யோனா, இரண்டாம் யெரொபெயாம் காலத்தவர், அதாவது கி.மு. 8ஆம் நூற்றாண்டு. அந்த ‘அமித்தாய்’ என்ற அப்பா பெயரையும் குறித்துக்கொள்ளுங்கள். அரபிக்குப் போகும்போது தேவைப்படும்.

வசன எண் கொடுப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. மீன் விழுங்கும் வசனம் பழைய தமிழ் மொழிபெயர்ப்பில் 1:17. எபிரேயத்தில் அதுவே 2:1. மொத்தம் 48 என்பது மாறாது, அதிகாரம் பிரியும் இடம்தான் வேறு. வேறு மொழி நூலில் இருந்து மேற்கோள் எடுத்தால் 2ஆம் அதிகாரத்தில் எண் ஒன்று தள்ளி நிற்கும்.

படி 2: மூல வடிவத்தை எழுத்தெழுத்தாகப் பிடியுங்கள்

எபிரேயத்தில் யோத், வாவ், நூன், ஹே என்ற நான்கு எழுத்து. உச்சரிப்பு ‘யோனா’, கடைசி ‘ஹே’ காதில் விழாது, நெடில் ‘ஆ’வைக் காட்டவே நிற்கிறது. சொல்லுக்கு ‘புறா’ என்று பொருள். நோவா பேழையில் இருந்து பறக்கவிட்டதும் இதே சொல்தான். இன்றைய எபிரேயத்தில் தெருவில் மேயும் புறாவும் யோனாவே. அதனால் அந்த மொழியில் இது ஆணுக்கும் பெண்ணுக்கும் பெயராக வருகிறது. யோனா வாலாக் (1944–1985) என்ற கவிஞர் பெண்.

பொருளை இங்கே குறித்துவிட்டு நகர்ந்துவிடுங்கள். ‘புறா என்பதால் சமாதானத் தூதர்’ என்று மேடையில் பேச நன்றாக இருக்கும். ஆனால் எபிரேயத்துக்கு வெளியே போன பெயரில் புறா பெரும்பாலும் கூடப் போகவில்லை. வக்கார் யூனிஸைப் பார்த்து யாருக்கும் புறா நினைவு வந்திருக்காது.

ஒரு விதிவிலக்கு ரசமானது. ஸ்காட்லாந்தின் மேற்குக் கடலில் உள்ள அயோனா தீவில் மடம் நிறுவிய புனித கொலம்பா 597இல் இறந்தார். கொலம்பா என்றால் லத்தீனில் புறா. அவர் வரலாற்றை எழுதிய அதோம்நான் (இறப்பு 704), எபிரேயத்தில் யோனா, கிரேக்கத்தில் பெரிஸ்தெரா, லத்தீனில் கொலம்பா, மூன்றும் ஒரே பெயர் என்று முன்னுரையிலேயே பெருமைப்படுகிறார். ஆனால் தீவின் பெயருக்கும் இந்தப் புறாவுக்கும் சம்பந்தம் கிடையாது. பழைய ஏடுகளில் அது ‘இயோவா’ தீவு. பிரதி எடுத்த யாரோ ஒருவர் அதில் இருந்த லத்தீன் ‘u’ எழுத்தை ‘n’ எழுத்தாகப் படித்துவிட, ‘அயோனா’ நிலைத்துவிட்டது.

படி 3: பெயர் நுழைந்த வாசலைக் கண்டுபிடியுங்கள்

இந்த வழிகாட்டியில் அதிக நேரம் செலவிட வேண்டிய படி இதுதான். பெயரின் கடைசி எழுத்தைப் பாருங்கள். அதுவே பாதி வரலாற்றைச் சொல்லிவிடும்.

கிறிஸ்துவுக்கு முந்தைய நூற்றாண்டுகளில் எபிரேய வேதம் கிரேக்கத்துக்குப் போனது. ஆண் பெயர் வெறும் ‘ஆ’வில் முடிவது கிரேக்க இலக்கணத்துக்கு ஒட்டாது, எழுவாயாக வரும்போது ‘ஸ்’ சேர்ப்பார்கள். அப்படி யோனா ‘இயோனாஸ்’ ஆனார். எலியா ‘எலியாஸ்’ ஆனதும், எரேமியா ‘இயெரெமியாஸ்’ ஆனதும் இதே கணக்கில்தான். வேற்றுமை மாறினால் அந்த ‘ஸ்’ உதிர்ந்துவிடும்: மத்தேயு 12:39இல் ‘யோனாவின் அடையாளம்’ என்பதற்குக் கிரேக்க மூலத்தில் ‘இயோனா’ என்றே இருக்கிறது.

கிரேக்கத்தில் இருந்து லத்தீன், லத்தீனில் இருந்து மேற்கு ஐரோப்பா. பிரெஞ்சிலும் போர்ச்சுகீசியத்திலும் ஜோனாஸ் (உச்சரிப்பு சற்றே வேறு), ஸ்பானியத்தில் ‘ஹோனாஸ்’ போல ஒலிக்கும் வடிவம், போலிஷில் யோனாஷ், செக்கிலும் ஹங்கேரியிலும் யோனாஷ். இவை அனைத்திலும் அந்தக் கிரேக்க ‘ஸ்’ ஏதோ ஒரு வடிவில் உயிரோடு இருக்கிறது. இத்தாலியத்தில் ‘ஜோனா’, ரஷ்யத்தில் ‘இயோனா’: இவற்றில் ‘ஸ்’ இல்லை. ரஷ்யத்துக்குப் பெயர் கிரேக்கத் திருச்சபை வழியாகவே வந்தது. ஆனாலும் ஸ்லாவிய மொழிகள் கிரேக்க வேற்றுமை உருபைக் கழற்றிவிட்டுத் தங்கள் உருபைப் போட்டுக்கொண்டன. ஆகவே ‘ஸ் இருந்தால் கிரேக்க வழி’ என்று சொல்லலாம். ‘ஸ் இல்லாவிட்டால் கிரேக்க வழி அல்ல’ என்று சொல்லக் கூடாது.

புராட்டஸ்டண்ட் திருச்சபைகள் பிரிந்த 16ஆம் நூற்றாண்டுச் சீர்திருத்தக் காலத்தில் எபிரேய மூலத்துக்கே திரும்பிப் போனவர்கள் இரண்டாவது வாசலைத் திறந்தார்கள். அதன் தழும்பு ஆங்கிலத்தில் அப்பட்டமாகத் தெரியும். 1611இல் வந்த கிங் ஜேம்ஸ் மொழிபெயர்ப்பில் பழைய ஏற்பாட்டில் அவர் ‘ஜோனா’, புதிய ஏற்பாட்டில் ‘ஜோனாஸ்’. ஒரே நூலுக்குள் ஒரே ஆளுக்கு இரண்டு பெயர்: ஒன்று எபிரேயத்தைப் பார்த்து எழுதியது, மற்றொன்று கிரேக்கத்தைப் பார்த்து எழுதியது. பிந்தைய பதிப்புகள் இரண்டையும் ‘ஜோனா’ என்று ஒன்றாக்கின. ஜெர்மனிலும் இரட்டை வழக்கு உண்டு. தீர்க்கதரிசி யோனா, பக்கத்து வீட்டுப் பையன் யோனாஸ்.

ஆங்கில ‘ஜ’ பற்றியும் இங்கேயே தெரிந்துகொள்ளுங்கள். 1611ஆம் ஆண்டு அச்சில் அந்தப் பெயர் ‘ஐ’ (I) எழுத்தில்தான் தொடங்கியது, ஏனென்றால் ‘ஐ’யும் ‘ஜே’யும் (J) தனித்தனி எழுத்துகளாக அப்போது முழுமையாகப் பிரிந்திருக்கவில்லை. உச்சரிப்பில் ‘ஜ’ பிரெஞ்சின் தாக்கத்தால் அதற்கு முன்பே வந்துவிட்டது.

தமிழுக்கு ‘ஜோனா’ வராமல் ‘யோனா’ வந்ததற்குக் காரணம், நம் வேதாகமப் பெயர்கள் ஆங்கில உச்சரிப்பைப் பின்பற்றாததுதான். தமிழில் முதலில் புதிய ஏற்பாட்டை மொழிபெயர்த்து 1714–15இல் தரங்கம்பாடியில் அச்சிட்ட சீகன்பால்க் ஒரு ஜெர்மானியர். அவர் நாக்கிலும் அது ‘ய’தான். தொல்காப்பியம் சொல்லுக்கு முதலில் ‘யா’ தவிர வேறு யகரத்தை அனுமதிப்பதில்லை. அந்தக் கணக்கில் யோனா ஒரு இலக்கண மீறல்! எரேமியா, எசேக்கியேல், எருசலேம் எல்லாம் எபிரேயத்தில் யகரத்தில் தொடங்குபவை. தமிழில் யகரம் கரைந்துவிட்டது. யோனா, யோவேல், யோசுவா தப்பித்துக்கொண்டார்கள். யோகம், யோசனை போன்ற சொற்கள் ஏற்கெனவே ‘யோ’வைப் பழக்கப்படுத்தி இருந்தன.

படி 4: ஒரே மொழிக்குள் சமயத்துக்கு ஒரு வடிவம் இருக்கிறதா என்று பாருங்கள்

இதைத் தவறவிட்டால் மொழிபெயர்ப்பில் மனிதர்கள் மதம் மாறிவிடுவார்கள்.

அரபியில் குர்ஆன் சொல்லும் வடிவம் யூனுஸ். 10ஆவது அத்தியாயத்துக்கே அவர் பெயர்தான், 109 வசனங்கள். ஆனால் மீன் கதை அங்கே விரிவாக இல்லை, 37:139–148இல் இருக்கிறது. ‘யூனுஸ்’ என்பதன் கடைசி ‘ஸ்’ஸைக் கவனித்திருப்பீர்கள். கிரேக்க ‘இயோனாஸ்’ ஏதோ ஒரு கிழக்குக் கிறிஸ்தவ மொழி வழியாக அரபிக்கு வந்திருக்க வேண்டும் என்றே ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள். எலியாஸ் ‘இல்யாஸ்’ ஆனதும் அதே தடத்தில். அரபி இலக்கணக்காரர்கள் யூனுஸ், யூனிஸ், யூனஸ் என்று மூன்று உச்சரிப்புகளையும் பதிவு செய்திருக்கிறார்கள். அதனால் முகம்மது யூனுஸும் வக்கார் யூனிஸும் எழுத்துப்பிழை அல்ல.

அரபி பேசும் கிறிஸ்தவர்களின் வேதாகமத்திலோ அவர் ‘யூனான்’. இது கிழக்குக் கிறிஸ்தவர்களின் பழைய மொழியான சிரியாக்கின் ‘யவ்னான்’ வடிவத்தோடு போவது. சிக்கல் என்னவென்றால், அரபியில் ‘யூனான்’ என்றால் கிரேக்க நாடும்தான். சூழல் பார்க்காமல் இயந்திர மொழிபெயர்ப்பில் போட்டால் ‘கிரீஸின் புத்தகம்’ என்று வந்து நிற்கக்கூடும். ஆர்மீனியத்தில் ஹொவ்னான் என்பதும் இந்தச் சிரியாக் வழி வடிவத்துக்கு நெருக்கமானது.

குர்ஆன் அவரைப் பெயர் சொல்லாமலும் அழைக்கிறது: 21:87இல் ‘துந்நூன்’ (மீனுடையவர்), 68:48இல் ‘மீனுடைய தோழர்’. ஹதீஸில் (நபிமொழித் தொகுப்பில்) வரும் முழுப்பெயர் யூனுஸ் இப்னு மத்தா. படி 1இல் குறித்து வைத்த அமித்தாய்தான் இங்கே மத்தா.

தமிழிலும் இதே இரட்டை வழக்கு. கிறிஸ்தவர்களுக்கு யோனா தீர்க்கதரிசி, முஸ்லிம்களுக்கு யூனுஸ் நபி. மோசூலுக்கு எதிர்க்கரையில் பழைய நினிவே இடிபாடுகளின் ஒரு மேட்டுக்குப் பெயர் ‘நபி யூனுஸ்’. அங்கிருந்த பள்ளிவாசலை 2014 ஜூலையில் ஐ.எஸ். அமைப்பினர் வெடிவைத்துத் தகர்த்தார்கள். அந்தச் செய்தியை எழுதும்போது ‘யோனா மசூதி’ என்று போட்டால் ஒட்டாது. நபி யூனுஸ் பள்ளிவாசல் என்று எழுதிவிட்டு, ‘வேதாகமம் யோனா என்று அழைக்கும் தீர்க்கதரிசி’ என்று ஒரு முறை விளக்கினால் போதும். உயிரோடிருப்பவர், மறைந்தவர் யாராக இருந்தாலும் தனிமனிதப் பெயரை மாற்றவே கூடாது. ஜோனாஸ் சால்க் யோனா சால்க் ஆக முடியாது.

படி 5: ஒலியால் ஏமாற்றும் பெயர்களைக் களையுங்கள்

லித்துவேனியத்தில் ‘யோனாஸ்’ என்றால் யோவான். யோகான்னஸ் என்பதன் சுருக்கம். தீர்க்கதரிசிக்கு அங்கே ‘யோனா’. ஜோனதன் (யோனத்தான்) வேறு: ‘கடவுள் கொடுத்தார்’ என்று பொருள். ஆங்கிலேயரின் ஜோன்ஸ் என்ற குடும்பப் பெயர் ஜானின் மகன் வழி வந்தது. கடலடியில் மாலுமிகளை வாங்கிக்கொள்ளும் டேவி ஜோன்ஸ் என்ற கற்பனை ஆளில் யோனா ஒளிந்திருக்கிறார் என்பார்கள். அது வெறும் ஊகம், கட்டுரையில் உண்மையாக எழுத வேண்டாம்.

தமிழர்களுக்கென்றே ஒரு பொறி இருக்கிறது. சங்கப் பாடல்களின் யவனர், பிற்காலச் சோனகர், பாலி மொழியின் யோனர். இவை ஆசியா மைனரின் கிரேக்கப் பகுதியான ஐயோனியாவில் இருந்து பாரசீகம் வழியாக வந்த இனப்பெயரோடு சேர்பவை என்பதே பொதுவாக ஏற்கப்பட்ட கருத்து. யோனா என்ற ஆள்பெயரோடு ஒட்டு உறவு இல்லை. எபிரேயத்திலும் கிரேக்கரைக் குறிக்கும் ‘யாவான்’ என்ற சொல்லில் யோத், வாவ், நூன் வருவதால் குழப்பம் இரட்டிப்பாகிறது. ‘யோனாவின் வழிவந்தவர்களே சோனகர்’ என்று யாராவது எழுதினால் நம்பிவிடாதீர்கள்.

வேதாகமத்துக்குள்ளேயே ஒரு சிக்கல். மத்தேயு 16:17இல் பேதுருவை இயேசு ‘பர்யோனா’, அதாவது யோனாவின் மகன் என்று அழைக்கிறார். யோவான் 1:42இல் பழைய தமிழ் மொழிபெயர்ப்பு ‘யோனாவின் மகனாகிய சீமோன்’ என்கிறது; பொது மொழிபெயர்ப்போ ‘யோவானின் மகன் சீமோன்’ என்கிறது. இரண்டும் அச்சுப்பிழை அல்ல, பின்பற்றிய கிரேக்கக் கையெழுத்துப் படிகள் வேறு. இந்த யோனா பேதுருவின் தகப்பன், நம் தீர்க்கதரிசி அல்ல.

படி 6: எந்தத் துண்டு ஒட்டியது என்று அதிகாரத்தோடு பொருத்துங்கள்

படி 1இல் எழுதிய நான்கு வரிக் குறிப்பை இப்போது எடுங்கள். எந்த மொழியில் எந்த உருவக வழக்கைப் பார்த்தாலும் ‘இது எத்தனையாவது அதிகாரம்?’ என்று கேளுங்கள்.

ஆங்கில மாலுமிகள் 1ஆம் அதிகாரத்தோடு புத்தகத்தை மூடிவிட்டார்கள். 1600களின் தொடக்கத்தில் இருந்தே ஆங்கிலத்தில் ‘ஜோனா’ என்றால் கப்பலுக்குக் கேடு கொண்டுவரும் ஆள். காற்று விழுந்தாலும், வலையில் மீன் சிக்காவிட்டாலும், யாரால் என்று தேடுவார்கள்; மாட்டியவன் ஜோனா. பாதிரியார்களைக் கப்பலில் ஏற்றுவதே அபசகுனம் என்று நினைத்தவர்களும் உண்டு. மீன் வயிற்று ஜெபமோ, நினிவேயின் மனமாற்றமோ இந்தச் சொல்லுக்குள் வரவே இல்லை. கதையில் அந்த மாலுமிகள் அவரைக் கடலில் போடத் தயங்கி, கரைசேர முடிந்தமட்டும் தண்டு வலிக்கிறார்கள் என்பதையும் மறந்துவிட்டார்கள். பின்னால் இந்தச் சொல் கப்பலை விட்டு இறங்கி விளையாட்டு அணி, சுரங்கம், அலுவலகம் என்று போனது, வினைச்சொல்லாகவும் ஆகிவிட்டது.

துருக்கியில் ஓங்கிலுக்கு, அதாவது டால்பினுக்கு, பெயரே ‘யூனுஸ்’. ‘யூனுஸ் மீன்’ என்றும் சொல்வார்கள். இது 2ஆம் அதிகாரம். அதுவும் விழுங்கப்பட்டவர் பெயர் கடல் உயிரினத்துக்கே போய்விட்டது. மூல எபிரேயம் சொல்வதோ வெறும் ‘பெரிய மீன்’. கிரேக்கம் கடல் பூதத்துக்கு வழங்கும் ‘கேத்தோஸ்’ என்ற சொல்லைப் போட்டது, மத்தேயு 12:40இல் ஆங்கிலம் அதைத் திமிங்கிலமாக்கியது. பழைய தமிழ் மொழிபெயர்ப்பு அங்கேயும் ‘பெரிய மீன்’ என்றே நிறுத்திக்கொண்டது நல்ல முடிவு.

திமிங்கிலம் என்று ஆனபின் பத்திரிகைகளுக்குக் கொண்டாட்டம். 1891இல் ஜேம்ஸ் பார்ட்லி என்ற மாலுமியைத் திமிங்கிலம் விழுங்கி, உயிரோடு வெளியே எடுத்தார்கள் என்று ‘நவீன ஜோனா’ கதை ஒன்று சுற்றியது. எட்வர்ட் டேவிஸ் என்ற ஆய்வாளர் ஆவணங்களைத் தோண்டி 1991இல் வெளியிட்டார்: சொல்லப்பட்ட கப்பல் திமிங்கில வேட்டைக் கப்பலே அல்ல, ஆட்கள் பட்டியலில் பார்ட்லி இல்லை. 2021இல் அமெரிக்காவின் கேப் காட் கடலில் ஒரு மூழ்காளரைக் கூன்முதுகுத் திமிங்கிலம் சில நொடிகள் வாய்க்குள் வைத்திருந்து துப்பியபோதும் தலைப்புகளில் ஜோனாதான். இந்த வகை ‘ஜோனா’வில் கெட்ட சகுனம் இல்லை, பிழைத்து வந்தவன் என்ற பொருள். ஒரே ஆங்கிலச் சொல், எதிரெதிர்ப் பொருள். வாக்கியத்தில் கப்பல் இருக்கிறதா, திமிங்கிலம் இருக்கிறதா என்று பார்த்தால் தெளிந்துவிடும்.

முஸ்லிம் வழக்கிலும் 2ஆம் அதிகாரத்தின் இருட்டே முக்கியம், ஆனால் கவனம் மீன் மீது இல்லை, ஜெபத்தின் மீது. 21:87இல் வரும் யூனுஸ் நபியின் துஆ (பிரார்த்தனை), ‘லா இலாஹ இல்லா அன்த’ என்று தொடங்குவது, துன்பத்தில் ஓதப்படுகிறது. 68:48 பொறுமை இழந்துவிடாதே என்பதற்கு அவரை எடுத்துக்காட்டுகிறது. இங்கே யூனுஸ் என்ற பெயருக்குத் துரதிர்ஷ்டத்தின் நிழல்கூட இல்லை. அதனால்தான் ஆங்கிலக் கதையின் ‘ஜோனா’வை ‘யூனுஸ்’ என்று மாற்றவே கூடாது. மரியாதைக்குரிய நபியை வசைச்சொல் ஆக்கிவிடும்.

வழிபாடு பின் அதிகாரங்களைப் பிடித்துக்கொண்டது. யூதர்கள் யோம் கிப்பூர் என்னும் பாவநிவிர்த்தி நாளின் பிற்பகலில் இந்தப் புத்தகத்தை முழுதாக வாசிக்கிறார்கள். மனந்திரும்புதலும் இரக்கமும்தான் அங்கே பேச்சு. சிரியாக், காப்டிக், எத்தியோப்பியத் திருச்சபைகளில் மூன்று நாள் ‘நினிவே நோன்பு’ உண்டு. கேரளச் சிரியன் கிறிஸ்தவர்கள் அதை மூன்று நோம்பு என்கிறார்கள். ரோமின் நிலத்தடிக் கல்லறைகளிலோ யோனா செடி நிழலில் படுத்திருக்கும் ஓவியம் திரும்பத் திரும்ப வருகிறது.

அந்தச் செடி ஒரு தனிக்கதை. எபிரேயத்தில் ‘கீகாயோன்’. கிரேக்கம் சுரை என்றது. வேதாகமத்தை லத்தீனில் மொழிபெயர்த்த ஜெரோம் அதை ஐவிக் கொடி ஆக்கினார். வட ஆப்பிரிக்காவின் ஒரு ஊரில் (இன்றைய திரிப்போலி) ஆயர் இந்தப் புது மொழிபெயர்ப்பை வாசிக்க, சபையில் கலவரமே ஆகிவிட்டது என்று அகஸ்டின் ஜெரோமுக்கு எழுதிய கடிதம் இருக்கிறது. குர்ஆன் 37:146இல் அது சுரை இனம். தமிழ் வேதாகமத்தில் ஆமணக்கு. ஆங்கிலத்தில் ‘ஜோனாவின் சுரை’ என்றால் ஒரே இரவில் வளர்ந்து ஒரே நாளில் அழிவது. அதைத் தமிழாக்கும்போது சுரை என்று எழுதுவதா, தமிழ் வாசகர் அறிந்த ஆமணக்கு என்பதா? வாசகர் வேதாகமம் படித்தவரானால் ஆமணக்கு. இல்லாவிட்டால் செடியை விட்டுவிட்டு ‘ஒருநாள் வாழ்வு’ என்று பொருளைச் சொல்லிவிடலாம்.

4ஆம் அதிகாரத்தின் உண்மையான கரு, பிறர் தப்பித்ததில் எரிச்சல் கொள்ளும் மனம். புத்தகத்தின் உச்சமே அதுதான். ஆனால் நான் புரட்டிய அகராதிகள் எதிலும் அதற்கு யோனாவின் பெயரைக் காணோம். அண்டை வீட்டான் பிழைத்ததில் வயிறெரிபவனை ‘யோனா’ என்று அழைக்கலாம்; கதைக்கு மிகவும் பொருந்தும். மாலுமிகள் முந்திக்கொண்டார்கள்.

படி 7: ஒரே தொடர், இரண்டு பொருள் என்பதைச் சோதியுங்கள்

‘யோனா சிக்கல்’ என்ற உளவியல் தொடர் நல்ல உதாரணம். பிரெஞ்சுத் தத்துவவாதி காஸ்தோன் பஷலார் 1948இல் இதைப் பயன்படுத்தியபோது, விழுங்கப்படுவது, வயிற்றுக்குள் பாதுகாப்பாகச் சுருண்டிருப்பது என்ற கற்பனையைச் சொன்னார்: 2ஆம் அதிகாரம். அமெரிக்க உளவியலாளர் ஆபிரகாம் மாஸ்லோ சொன்னதோ தன் திறமைக்கும் தன் அழைப்புக்கும் பயந்து ஓடுவதை: 1ஆம் அதிகாரம். இந்தப் பெயரைத் தன் நண்பர், வரலாற்றாசிரியர் பிராங்க் மானுவேல் யோசனையாகச் சொன்னார் என்று மாஸ்லோவே எழுதியிருக்கிறார். மேற்கோள் காட்டும்போது யாருடைய சிக்கல் என்று பெயரைச் சேர்த்தே எழுதுங்கள்.

படி 8: தமிழில் போடும்போது

கடல் கதை என்றால் ‘யோனா’வை அப்படியே வைத்துவிடலாம், பக்கத்தில் ஒரு வாக்கியத்தில் பொருளைத் தெளித்தால் போதும்: “நம்ம கப்பல்ல யோனா ஒருத்தன் ஏறியிருக்கான்டா, அதான் காத்தே இல்ல.” அடிக்குறிப்பே வேண்டாம். அலுவலகக் கதையில் வந்தால் ‘ராசியில்லாதவன்’, ‘அவன் காலடி வச்ச நேரம்’ போன்ற நம் வழக்கே இயல்பு. ‘சனியன்’ என்று போடாதீர்கள். அது எரிச்சலில் யாரையும் திட்டுவது, ஜோனா என்பது ஒரு கூட்டத்தின் தோல்விக்குப் பலியாடு தேடுவது. மாஸ்லோவின் சிக்கலுக்குக் கிறிஸ்தவ வாசகரைத் தாண்டிப் போக வேண்டுமானால் ‘தன் உயரத்துக்கே அஞ்சுதல்’ என்று ஒரு முறை விரித்துவிட்டுப் பிறகு பெயரைப் பயன்படுத்துங்கள்.

பழக ஒரு பெயர்: எரேமியா

இதே படிகளை எரேமியாவுக்குப் போட்டுப் பாருங்கள். கிரேக்கத்தில் ‘ஸ்’ சேரும், பிரெஞ்சில் ஜெரெமி, ஆங்கிலத்தில் ஜெரமையாவும் ஜெரமியும். குர்ஆன் அவரைப் பெயர் சொல்லிக் குறிப்பிடவில்லை, எனவே யோனா–யூனுஸ் போன்ற பிரபலமான இணை இங்கே கிடையாது. உருவக வழக்கில் பெயர் பெயராகவே நிற்காமல் தனிச்சொல் ஆகிவிட்டது: பிரெஞ்சின் ‘ஜெரெமியாத்’. புலம்பல் என்ற புத்தகத்தை மரபு அவர் தலையில் கட்டியதன் பலன். ஆங்கிலம் அதைப் பிரெஞ்சிடம் இருந்து 18ஆம் நூற்றாண்டில் வாங்கியது. வாங்கியபின் பொருள் சற்றுத் திரும்பியது. பிரெஞ்சில் பெரும்பாலும் முடிவில்லாத முறையீடு, அழுகுணிப் பேச்சு. ஆங்கிலத்தில் அதோடு கண்டனமும் சேரும். 17ஆம் நூற்றாண்டு நியூ இங்கிலாந்துப் போதகர்கள் ‘நீங்கள் வழிதவறிவிட்டீர்கள், தண்டனை வருகிறது’ என்று முழங்கிய பிரசங்க வகைக்கே பின்னால் வந்த ஆய்வாளர்கள் இந்தப் பெயரை வைத்தார்கள். எனவே பிரெஞ்சு நூலில் வந்தால் ‘ஓயாத புலம்பல்’ சரி. அமெரிக்க வரலாற்று நூலில் வந்தால் ‘கண்டனப் பிரசங்கம்’ என்று எழுதுங்கள். அங்கே ‘ஒப்பாரி’ பொருந்தாது.